முந்தானைக்குள் வாழையிலை

அந்த ஆசிரமத்துச் சமையற்கட்டில் ஒரு வழக்கம். உலை வைத்ததிலிருந்து படையல் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. மனசுக்குள் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே கை வேலையைப் பார்க்கணும். பதினோரு பேர் இப்படித்தான் தினமும் இருநூறு பேருக்கு ஆக்கினார்கள்.

மேற்பார்வை தில்லைநாயகம். ஐம்பது வயதுச் சீடர். ஒரு நாள் காலை அவர் குருவிடம் வந்தார்.

“சாமி, காய் நறுக்குகிற பூங்காவனத்தை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்.”

“ஏன்?”

“பத்து மணியானால் பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறாள். அரை மணி நேரம் ஆளைக் காணோம். நேற்று முந்தானைக்குள் எதையோ சுருட்டி வைத்திருந்தாள்.”

“கேட்டாயா?”

“ஏழு தடவை கேட்டுவிட்டேன். ‘இங்கேதான் ஐயா’ என்கிறாள். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறாள். திருட்டு முழி, சாமி.”

“அப்படியா? இன்றைக்குப் பின்னாலேயே போய்ப் பார்.”

பத்து மணிக்குப் பூங்காவனம் எழுந்தாள். தோட்டத்தில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். வாழைக் குருத்து ஒன்றை அறுத்து முந்தானைக்குள் செருகினாள்.

‘இலைத் திருடி!’ என்று முனகிக்கொண்டே தில்லைநாயகம் தொடர்ந்தார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கூரை வீடு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஏன் இவ்வளவு நேரம்?” என்று அதட்டியது ஓர் ஆண்குரல்.

சிவசிவா, இது வேறயா! தில்லைநாயகம் கதவைத் தள்ளினார்.

கயிற்றுக் கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் கிடந்தார். முதுகெல்லாம் படுக்கைப் புண். பூங்காவனம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அப்புறம் சொன்னாள்:

“வந்ததுதான் வந்தீங்க, அந்தத் தோளைக் கொஞ்சம் பிடிங்கய்யா. ஒத்தையாப் புரட்ட முடியல.”

பிடித்தார். புண் பாயில் ஒட்டாமலிருக்க, அவள் குருத்திலையை முதுகுக்கு அடியில் பரப்பினாள்.

“யாரு பூங்கா, ஆஸ்பத்திரி ஆளா?”

“இல்ல மாமா. எங்க ஆபீசரு.”

திரும்பி நடக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். “என்னை நிறுத்திராதீங்கய்யா. அங்க வந்து உக்கார்ற நேரந்தான் நான் மூச்சு விடறேன்.”

சமையற்கட்டில் அவள் இடத்தில், அவள் அரிவாள்மனையில், குரு உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு கைப்பிடி அளவு, ஒரு துண்டு நகத்தளவு. சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினார்கள்.

“ஐயோ சாமி, விரலு!” பூங்காவனம் இருக்கிற இடத்தை மறந்து கத்திவிட்டாள்.

குரு எழுந்து இடம் விட்டார். வெளியே கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

“என்ன திருடினாள்?”

“ஓர் இலை” என்றார் தில்லைநாயகம். “புருஷனுக்குப் பக்கவாதம் சாமி. ஏழு மாசமாம். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து நறுக்குகிறவளுக்குக்கூடத் தெரியாதாம்.”

குரு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இவளை நிறுத்தாமல் விட்டுவிடலாம். தினமும் போய் வரட்டும். ஆனால் சாமி, இதைப் பார்த்துவிட்டு மற்ற பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு வருவார்களே? எதை நம்புவது?”

“இருக்கும், தில்லை. பத்துப் பேருக்கும் இருக்கும்” என்றார் குரு. “நாளையிலிருந்து நீயும் ஓர் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்.”