நட்சத்திரமும் வளையமும்

முன்னொரு காலத்தில் புன்னைநாட்டை மணிமுடியன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். எண்ணுவது என்றாலே அவருக்கு அலுப்பு. எதையும் ஒரே பார்வை பார்ப்பார். உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. பேரணையில் இருந்த தண்ணீர் ஆற்றின் ஒரு கரைக்குத்தான் போதும். எந்தக் கரையில் வற்றிய ஏரிகள் அதிகமோ, அங்கே மதகைத் திறப்பது வழக்கம். ஏரிகளைப் படத்தில் குறிக்கும் வேலையை அழகப்பிரான் என்ற பிரபு கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய வயல்களெல்லாம் வடகரையில். மந்திரி வெண்காடனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

சபையில் துணிப்படம் விரிந்தது. வற்றிய ஏரிகளுக்கு வடகரையில் செஞ்சாயம் அப்பிய கூர்முனை நட்சத்திரங்கள். தென்கரையில் மெல்லிய, வெற்று வளையங்கள்.

"அடடா, வடகரை பற்றி எரிகிறதே! நாளை வடமதகைத் திறவுங்கள்" என்றார் ராஜா.

வெண்காடன் எழுந்தார். தென்கரையில் ஒரு குடம் தண்ணீருக்காக ஏரித்தரையைத் தோண்டுகிறவர்களை முந்தின நாள்தான் பார்த்து வந்திருந்தார்.

"அரசே, ஒருமுறை எண்ணிப் பார்த்தால்..."

"என் கண் பொய் சொல்லுமா?"

"சொல்லும், அரசே. நாளைக் காலை காட்டுகிறேன்."

"காட்டாவிட்டால் உம் பதவி அழகப்பிரானுக்கு!"

அழகப்பிரான் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை வெண்காடன் வேறொரு துணிப்படத்தை விரித்தார். இப்போது வடகரையில் வளையங்கள், தென்கரையில் நட்சத்திரங்கள்.

"அடப்பாவமே, எரிவது தென்கரையல்லவா!" என்றார் ராஜா.

அழகப்பிரான் துள்ளி எழுந்தார். "மோசடி, அரசே! மந்திரி தென்கரையில் ஏரிகளைக் கூட்டிவிட்டார். எண்ணிப் பாருங்கள்!"

"நீங்களே எண்ணுங்கள் ஐயா. இரண்டு படத்தையும், உரக்க" என்றார் வெண்காடன்.

அழகப்பிரான் எண்ணினார். மந்திரியின் படத்தில் வடகரை பதினான்கு, தென்கரை இருபது. பிறகு தம்முடைய படம். வடகரை பதினான்கு. தென்கரையில் பதினெட்டு, பத்தொன்பது... குரல் உள்ளே போயிற்று.

"உரக்க!" என்றார் ராஜா.

"இருபது, அரசே."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓர் ஏரிகூடக் கூடவில்லை, குறையவில்லை. குறியின் உருவம் மாறியதும் என் தீர்ப்பே மாறிவிட்டதே!"

"நட்சத்திரம் கூச்சல் போடும் அரசே, வளையம் வாயே திறக்காது. இரண்டு கரைக்கும் ஒரே குறி வைத்தால்தான் நியாயம்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்கு அணிவித்தார். "அழகப்பிரானே, உமக்கு எண்ண நன்றாகவே வருகிறது. தென்கரைக்குப் போய், இருபது ஏரிகளும் நிரம்ப நிரம்ப எண்ணிச் சொல்லும்!"

அன்று மதியமே தென்மதகு திறந்தது. பட்டு வேட்டி முழங்கால்வரை நனைய, சேற்றில் நின்று அழகப்பிரான் கத்தினார்: "ஒன்று!"