அட்டையில் இருந்த இரண்டாவது பெயர்

காப்பீட்டு அட்டை புதுப்பிக்கும் முகாமின் கடைசி நாள். மாலை நாலரை மணிக்குப் பள்ளிக்கூடத்தின் அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கணினியில் பதிவு செய்யும் பெண் திலோத்தமை. டோக்கன் கொடுக்கும் காவலாளி சூசை. உப்பளத்தில் மூட்டை தூக்கும் வைரக்கண்ணு. அவருடைய தங்கை அஞ்சலை. மழைக்கு ஒதுங்கிய நாய் ஒன்றும் இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வைரக்கண்ணுவுக்கு இதயத்தில் அடைப்பு. திங்கட்கிழமை அரசாங்கக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை. அதற்கு அட்டை நடப்பில் இருக்க வேண்டும். அட்டை குடும்பத்துக்கு ஒன்று. அவருடையதில் பெயர்கள் இரண்டு: அவர், மனைவி தையல்நாயகி. அவள் பிரிந்து போய் எட்டு ஆண்டுகள். மன்னார்குடியில் கல்யாணச் சமையலுக்குப் போய்க்கொண்டு தனியாக இருக்கிறாள். ஏன் போனாள் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும், நமக்கு வேண்டாம்.

ஆண்டுதோறும் அவர் மட்டும் வந்து விரல் வைத்து இருவருக்குமாகப் புதுப்பித்து வந்தார். இந்த ஆண்டு விதி மாறிவிட்டது. அட்டையில் உள்ள ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டும். வராதவர் பெயரைக் குடும்பத் தலைவர் விரல் வைத்து நீக்க வேண்டும்.

"நீக்கிடலாமா ஐயா? அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் திலோத்தமை.

"வேணாம்மா. அவளுக்கு ஒரு நோவுநொடி வந்தா யாரு இருக்கா? பேரு அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. "திங்கக்கெழம நெஞ்சத் தொறக்கப் போறது ஒனக்கா அவளுக்காண்ணே? நீ பேர அடிம்மா."

"அவரு சொன்னாத்தான்க்கா அடிக்க முடியும்."

"எங்கேர்ந்து சொல்லும்? அவ போயும் ஊட்டுல இன்னமும் ரெண்டு தட்டு கழுவி வைக்கிற மனுசன்!"

சூசை சாவிக்கொத்தை ஆட்டினான். "அஞ்சு மணிக்குப் பூட்டிருவேன். அப்புறம் நானும் இந்த நாயுந்தான் விரல் வைக்கணும்."

அஞ்சலை காலையிலேயே மன்னார்குடிக்குப் போன் போட்டிருந்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை. பூட்டுவதற்குச் சற்று முன் தையல்நாயகி நனைந்த புடவையோடு உள்ளே வந்தாள். வைரக்கண்ணு எழுந்து, தம் நாற்காலியைத் துண்டால் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

"இதுல விரல் வைங்கக்கா. ரெண்டு பேருக்கும் புதுப்பிச்சிடலாம்" என்றாள் திலோத்தமை.

"வைக்க வரல. என் பேர எடுக்கச் சொல்ல வந்தேன்."

"எடுத்துட்டா நாதியத்து நிப்ப தையலு" என்றார் வைரக்கண்ணு.

"இப்ப மட்டும் எப்படி நிக்கிறேனாம்?" அவள் அவரைப் பார்க்காமல் திலோத்தமையிடம் சொன்னாள். "மூணு வருசத்துக்கு முன்னால கர்ப்பப்பைய எடுக்கணும்னாங்க. அங்க அட்டை போடப் போனேன். ஒரு ஆளுக்கு ரெண்டு அட்டையில பேரு இருக்கக்கூடாது, அந்த அட்டையக் கொண்டான்னுட்டாங்க. எந்தம்பிய இவருகிட்ட அனுப்பினேன். என்ன சொல்லி விட்டாருன்னு கேளும்மா."

திலோத்தமை கேட்கவில்லை. வைரக்கண்ணுவே தரையைப் பார்த்துச் சொன்னார்: "அவளே வந்து வாங்கிக்கட்டும்னேன்."

"காதுல கெடந்தத வித்து வைத்தியம் பாத்தேன். இப்பக் கழுத்துல ஒரு கட்டி."

"இன்னைக்கு விரல் வச்சா இதே அட்டைய நீங்களும் காட்டலாம்க்கா. நீக்கினா, புது அட்டை வர ஒரு மாசம் ஆகும். நடுவுல உங்களுக்கு எதுவும் கெடையாது."

"ஒரு மாசம் இருந்துக்கறேன். வருசா வருசம் இவரு பக்கத்துல வந்து நிக்க என்னால ஆகாது."

வைரக்கண்ணு கட்டைவிரலைக் கருவியில் வைத்தார். கருவி ஏற்கவில்லை. மறுபடி வைத்தார், ஏற்கவில்லை. உப்பு அரித்த விரலில் ரேகை விழவில்லை. தையல்நாயகி நனைந்த முந்தானையால் அந்த விரலை ஒருமுறை துடைத்துவிட்டாள். கருவி ஏற்றுக்கொண்டது. அவள் பெயர் போயிற்று. அவருடைய அட்டை நடப்புக்கு வந்தது.

நீக்கியதற்கான சான்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கிளம்பினாள். வாசலில் நின்று அஞ்சலையிடம் மட்டும், "ஆப்பரேசன் முடிஞ்சதும் போன் பண்ணு" என்றாள்.

பெயரை அடிக்கச் சொன்னவள் அஞ்சலை. அடிக்க மாட்டேன் என்று தம் உயிரையே பணயம் வைத்தவர் வைரக்கண்ணு. கழுத்தில் கட்டியோடு, ஒரு மாதம் எதுவுமில்லாமல் இருக்கத் துணிந்து, அடிக்கச் சொன்னவள் தையல்நாயகி. இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: தையல்நாயகி பக்கம். அஞ்சலையும் அதைத்தானே சொன்னாள் என்பீர்கள். அவள் அண்ணன் உயிரை மட்டும் எண்ணினாள்; அந்தப் பெயர் அவளுடையதன்று. ஆனாலும் போன் போட்டவள் அவளே; அதற்காகப் பாதி நியாயம் கொடுக்கலாம். வைரக்கண்ணு, மனைவிக்காகப் பெயரைக் காத்ததாகச் சொன்னார். அவளுக்காக என்றால், தம்பி வந்து கேட்ட அன்றே அட்டையைக் கொடுத்தனுப்பியிருப்பார். அவர் காத்தது அவள் திரும்பி வருவாள் என்ற நினைப்பை. தனியாக இருக்கும் மனிதருக்கு அது குற்றமில்லை; ஆனால் அதற்கான விலையை அவள் உடம்பு கொடுத்தது. கடைசியில் விரல் வைத்தாரே, அது அவருக்குக் கிடைக்கிற பங்கு. ஐந்து மணிக்குச் சூசை கதவைப் பூட்டினான். அட்டையில் மீதி ஒரு பெயர்.