ஆளுக்கொரு பந்து

"அம்மா, எம் பிள்ளைகளுக்குக் கால்ல குறையில்ல. மூச்சுல குறையில்ல. பின்னே ஏன் தோக்குதோம்?"

ஆசிரமத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சித்தாய் டீச்சர் கேட்டுவிட்டாள்.

உலகம்மை தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டீச்சரைவிட வயதில் இளையவர்தான். ஆனால் மனசு கலங்கினால் டீச்சர் வந்து உட்காருகிற இடம் இந்த ஆற்றங்கரை. வாயில் தானாக வருகிற சொல் 'அம்மா'.

"உக்காருங்க டீச்சர். எனக்குப் பந்தாட்டம் தெரியாதே."

"தெரியவேண்டாம்மா. நான் சொல்லுதேன், கேளுங்க."

டீச்சர் பயிற்சி கொடுக்கிற அணி ஆடுவது பெண்கள் கால்பந்து லீக். தொடக்கத்தில் சில ஆட்டம் ஜெயித்தார்கள், அப்புறம் வரிசையாகத் தோல்வி. மிச்சம் ஒரே ஓர் ஆட்டம், வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதில் ஜெயித்தால் கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்று. இல்லையென்றால் கால்பந்துச் சங்கத்துக்காரர்கள் அணியையே கலைத்துவிடுவார்கள்.

"கலைச்சா என்ன ஆகும்?"

"முப்பிடாதிக்கு மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காவ. பிரின்சி தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போயிருவா. வேலம்மா மறுபடி ஆட்டுக்குப் பின்னால போவா. அப்புறம் பந்தைக் கண்ணால பாக்கமாட்டாளுவம்மா."

பெற்ற பிள்ளைகள் இல்லைதான். என்றாலும் அவள் பிள்ளைகள்தானே.

"சரி. அவங்ககிட்ட என்ன குறை?"

கேட்டாலும் கேட்டார், டீச்சர் கொட்டித் தீர்த்துவிட்டாள். கோல் கீப்பர் வேலம்மா நிற்க வேண்டிய இடத்தில் நிற்க மாட்டாள். பின்வரிசை பந்தைக் கண்டாலே பதறும். நடுவில் ஆடுகிற பிரின்சிக்கும் மற்றவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முன்னால் ஓடுகிற முப்பிடாதி இருக்கிறாளே, அவள் காலுக்குப் பந்து போனால் போனதுதான். திரும்பி வராது.

"இவ்வளவையும் ஒரு வாரத்துல சரி பண்ணிரலாமா டீச்சர்?"

"முடியாதும்மா. எதை முதல்ல சரி பண்ணணும்னு நீங்க சொல்லுங்க."

தாயார் கீரையை அலசி ஓரமாக வைத்தார்.

"காலையில பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க. பந்தையும் கொண்டாங்க."

*

விடிந்ததும் வந்துவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் ஓரமாகத்தான் ஓடியது. மீதியெல்லாம் மணல். இரண்டு பக்கமும் கம்பு நட்டு, இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

தாயார் பந்தைக் கையில் வாங்கினார். மருத மரத்தடியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆடுங்க."

யாரும் அசையவில்லை.

"பந்து ஒங்க மடியில இருக்கும்மா," என்றாள் பிரின்சி.

"இருக்கட்டும். நீங்க ஆடுங்க."

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சருக்கே ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கேட்டு வந்தது தான்தானே. விசிலை ஊதினாள்.

முப்பிடாதி பாய்ந்து ஓடிக் காற்றை ஓர் உதை விட்டாள். "கோல்."

அதே நேரம் அந்தப் பக்கத்தில் பிரின்சி "கோல்" என்று கையைத் தூக்கினாள். வேலம்மாவோ எதையோ நெஞ்சோடு அணைத்தபடி மணலில் குப்புறக் கிடந்தாள்.

"ஏட்டி, பந்து எங்கிட்டல்லா இருந்துச்சு," என்றாள் முப்பிடாதி.

"ஒங்கிட்ட எப்படி வரும்? நான்தான் இன்னும் விடவே இல்லையே," என்றாள் பிரின்சி.

வேலம்மா கிடந்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கினாள். "ரெண்டு பேரும் போங்கட்டி. இங்கன எங்கைக்குள்ள இருக்கு."

சண்டை மூண்டது. இல்லாத பந்துக்காக ஒருத்தி முடியை ஒருத்தி பிடிக்காத குறைதான்.

தாயார் மெல்லத் திரும்பினார். "எத்தனை பந்து ஓடுது டீச்சர்?"

"ஆளுக்கொண்ணு."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று டீச்சருக்கு உறைத்தது.

*

மறுநாளும் பந்து தாயார் மடியில்தான் இருந்தது.

வேலம்மாதான் முதலில் ஒரு வழி சொன்னாள். "நான் யாருக்குப் போடுதேனோ அவ கண்ணைப் பாப்பேன். அவ தலையாட்டணும். ஆட்டுனாத்தான் பந்து அவளுக்கு."

"ஆட்டாட்டா?"

"எங்கிட்டயேதான் கிடக்கும். பொழுது அடையுத வரைக்கும் வச்சிருப்பேன், பாத்துக்கிடுங்க."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே செய்தார்கள். முகம் கொடுக்காதவர்கள் எல்லாம் முகம் பார்க்க வேண்டியதாயிற்று. பார்க்காவிட்டால் பந்து தொலைந்துபோகிறதே, என்ன செய்ய?

முப்பிடாதிக்குத்தான் கஷ்டம். அவள் யாருக்கும் தலையாட்டிப் பழகியவள் இல்லை. அதனால் அவளுக்குப் பந்து வரவே இல்லை. மணலில் சும்மா ஓடினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

சங்கச் செயலாளர் நல்லபெருமாள் பைக்கைக் கரையில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"என்ன டீச்சர், ஒங்க பிள்ளைக பேயோட விளையாடுதா?"

"பயிற்சி, அண்ணாச்சி."

"நல்ல பயிற்சி. ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் மைதானத்துச் சாவியக் கொண்டாந்து குடுத்துருங்க."

அன்றைக்கு டீச்சர் சாப்பிட உட்காரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா நின்றாள்.

காலையில் பிள்ளைகள் ஆட ஆரம்பித்ததும் தாயார் முன்னால் கையை நீட்டினாள்.

"போதும்மா. பந்தைக் குடுங்க. ஊர் சிரிக்கு."

தாயார் மறுக்கவே இல்லை. மடியிலிருந்த பந்தை எடுத்து நீட்டினார்.

"தாராளமா வாங்கிக்கோங்க. அங்க மணல்ல பந்து இப்போ யார்கிட்ட இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க."

டீச்சர் சலிப்போடு திரும்பிப் பார்த்தாள்.

பிரின்சி இடது ஓரமாக ஓடினாள். எல்லா முகமும் அவள் பக்கம். அவள் நின்றாள். முப்பிடாதியைப் பார்த்தாள். முப்பிடாதி, நம்ப முடியவில்லை, தலையாட்டினாள். அத்தனை முகமும் ஒன்றாகத் திரும்பின.

டீச்சரின் விரல் தானாக நீண்டது. "பிரின்சி கால்ல. இல்ல, இல்ல, முப்பிடாதிக்குப் போயிட்டு. இந்தா, அவளும் குடுத்துட்டா."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பந்தை வாங்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை எதிரே நின்றது, அந்த லீக்கிலேயே தோற்காத அணி.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்துக்குள் ஒரு கோல் வாங்கினார்கள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். இனி பிள்ளைகளுக்குள் ஏச்சும் பேச்சும் கேட்கும்.

கேட்கவில்லை.

வேலம்மா புழுதியைத் தட்டிவிட்டு எழுந்தாள். "ஏட்டி, நேரம் கிடக்கு. என்னையப் பாருங்க." பார்த்தார்கள். பந்தை உருட்டினாள்.

அதன் பிறகு அந்தப் பந்து ஒரு காலில் தங்கவில்லை. எதிரணிக்காரிகள் பந்து போன இடத்துக்கு ஓட, பந்து இல்லாத இடத்தில் டீச்சரின் பிள்ளைகள் ஏற்கெனவே நின்றார்கள். இடைவேளைக்கு முன்னால் ஒரு கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சமன் போதாது. ஜெயிக்க வேண்டும். நேரமோ கரைந்துகொண்டே வந்தது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பந்து பிரின்சியிடம் வந்தது. கோலுக்கு முன்னால் மூன்று பேர் சுவராக நின்றார்கள்.

முப்பிடாதி பிரின்சியைப் பார்த்தாள். பழைய முப்பிடாதி என்றால் "எனக்குப் போடுட்டி" என்று மைதானமே அதிரக் கத்தியிருப்பாள்.

இப்போதோ, 'வேண்டாம்' என்று தலையை அசைத்தாள். அசைத்துவிட்டு வலது பக்கம் பாய்ந்தாள்.

தோளைச் சாய்த்து, தலையைக் குனிந்து, அந்த நொடியே பந்து தன் காலில் வந்து விழப்போகிறது என்கிற மாதிரி ஓடினாள். அந்த ஓட்டத்தில் துளி பொய் இல்லை. மூன்று பேரும் அவள் பின்னால் போனார்கள். கோல் கீப்பரும் அந்தப் பக்கமே சாய்ந்தாள்.

கோல், வாசல் திறந்த வீடு மாதிரிக் கிடந்தது.

பிரின்சி அடித்தாள்.

வலை அதிர்ந்தது. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினார்கள். பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். டீச்சர் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

நல்லபெருமாள் ஓடி வந்தார். எதிரணியின் தலைவிக்கென்று வாங்கி வைத்திருந்த சால்வை அவர் கையில் இருந்தது.

"பிளே-ஆஃப் போயாச்சு டீச்சர். இனி எந்தப் பய அணியைக் கலைப்பான்? கோல் போட்ட பிள்ளை எங்க?"

பிரின்சி, முப்பிடாதியைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"இவதான் அண்ணாச்சி."

"இவளா? நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். பந்து இவ கால்ல படவே இல்லையே."

"ஆமா அண்ணாச்சி, படல," என்று சொல்லிவிட்டு, சால்வைக்குத் தலையைக் குனிந்து கொடுத்தாள் முப்பிடாதி.