இரண்டாவது கரண்டி பொங்கல்

ராஜா காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று குறுக்கே கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பூவிளை நாட்டில் இருந்தது. ராஜா குணபூபதியின் அரண்மனையில் பொங்கல் பரிமாறியதே அதுதான். எதிரே போய் நின்றால் முகத்தைப் பார்க்கும். சுடச்சுட ஒரு கரண்டி இலையில் வைக்கும்.

"இதற்கு நிரல் எழுதியது அடியேன்!" என்று மார்தட்டினார் ஆஸ்தான நிரலர் அகோரம். ராஜா பூரித்துப்போய்ப் பட்டம் கொடுக்க நாள் குறித்தார்.

உண்மையில் எழுதியவள் ஊர்ச் சத்திரத்தில் வேலை பார்த்த உலகம்மாள். 'யாரும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயரை மட்டும் சொல்லுங்கள்' என்று நிரலின் தலையிலேயே போட்டிருந்தாள். அகோரம் எடுத்துக்கொண்டார். பெயரை மட்டும் அழித்துவிட்டார். அதோடு விட்டாரா? "சத்திரத்துக்காரி என் நிரலைத் திருடிவிட்டாள், நாடு கடத்துங்கள்" என்று ராஜாவிடம் புகார் வேறு! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

உலகம்மாள் பதறிப்போய் அரண்மனை விகடர் தீத்தாரப்பனிடம் ஓடினாள். அழுகைக்கு நடுவே காதில் ஏதோ சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பட்டம் கொடுக்கும் நாள் வந்தது. உலகம்மாளைக் காவலர்கள் பிடித்துவந்து நிறுத்தியிருந்தார்கள். ராஜா ஒரு கரண்டி பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம்!" என்றார்.

தீத்தாரப்பன் எழுந்தார். "அகோரம் அண்ணாச்சி, நிரல் முழுக்க நீங்கள் எழுதியதுதானே?"

"ஒரு புள்ளிகூட அடுத்தவருடையது இல்லை!"

"அப்புறமென்ன அரசே? உங்களுக்கு ஒரு கரண்டி எந்த மூலைக்கு? இன்னொன்று வாங்குங்கள்."

ராஜா ஆசையாக இலையை நீட்டினார். இயந்திரம் முகத்தைப் பார்த்தது. சபை முழுக்கக் கேட்கும்படி அதட்டியது: "நீதான் தின்னாச்சே! வெட்கமில்லாமல் மறுபடி வந்து நிற்கிறாயா? பின்னால் ஆள் நிற்கிறது, நகரு!"

ராஜாவின் மீசை துடித்தது. "யாரைப் பார்த்து? இதை எழுதியவன் தலையை எடுங்கள்!"

அகோரம் தடாலென்று காலில் விழுந்தார். "ஐயோ மகாராஜா, நான் எழுதவில்லை! எல்லாம் உலகம்மாள் எழுதியது! சத்திரத்தில் இரண்டாம் தடவை வருகிறவர்களை விரட்டுவதற்காகப் போட்டிருப்பாள். சத்தியமாக நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை!"

"பட்டம் வந்தபோது மறந்துபோன பெயர், கத்தியைக் கண்டதும் எவ்வளவு தெளிவாக ஞாபகம் வருகிறது பாருங்கள், அரசே!" என்றார் தீத்தாரப்பன்.

ராஜாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. உலகம்மாளை விடச் சொன்னார். பட்டமும் அவளுக்கே. அகோரத்துக்குப் புது வேலை: இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, கரண்டிக்குக் கரண்டி "எழுதியது உலகம்மாள்!" என்று கூவ வேண்டும்.

"தீத்தாரப்பா, என்னை இரண்டாவது கரண்டி கேட்க வைத்தாயே, என்ன மூளையப்பா உனக்கு! இந்தா, முத்துமாலை."

தீத்தாரப்பன் கை நீட்டவில்லை. "அந்த யோசனையும் உலகம்மாள் காதில் சொன்னதுதான், அரசே. மாலையை அங்கே போடுங்கள். எனக்குப் பொங்கல் போதும். நான் இன்னும் முதல் கரண்டியே வாங்கவில்லை!"