மேற்குக் குளத்தை மறைத்த மூங்கில்

வெண்கரை அரண்மனையைச் சுற்றியிருந்த நிலம் ஒரு காலத்தில் யானை கட்டும் பொட்டல். பிறகு அங்கே குதிரைகளைப் பழக்கினார்கள். போர்கள் ஓய்ந்தபின் வெறும் புழுதிதான் மிஞ்சியது. புதிதாக வந்த அரசி, சன்னலைத் திறந்தால் பச்சை தெரிய வேண்டும் என்றாள்.

தோட்டக்கலையில் பேர்பெற்ற குழைக்காதரை அழைத்தார்கள். அவர் நிலத்தை இரண்டாகப் பிரித்துத் தம் சீடர்கள் இருவரிடம் கொடுத்தார். கிழக்குப் பாதி சேந்தனாருக்கு. அவர் குருவைவிட இரண்டு வயது மூத்தவர். மேற்குப் பாதி நாச்சிக்கு.

சேந்தனார் நூல் பிடித்துப் பாதை போட்டார். இருபுறமும் ஒரே உயரத்தில் புன்னை, நடுவில் எண்கோணத் தடாகம், பாத்தி பாத்தியாக நந்தியாவட்டை. ஒரு செடிகூட வரிசை தவறவில்லை.

நாச்சி பள்ளமாகக் கிடந்த இடத்தை இன்னும் தோண்டிக் குளமாக்கினாள். கரையில் நாலு மருத மரம். அவ்வளவுதான்.

ஏழு வருடம் கழிந்தது. விருந்தினர் யார் வந்தாலும் மாடியில் ஏறி மேற்குப் பக்கம் நின்றார்கள். மருத மரங்களும் வானமும் அந்தக் குளத்துக்குள் தலைகீழாகத் தெரிந்தன. கிழக்குப் பக்கம் வந்தவர்கள், “சுத்தமாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சேந்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. நாச்சி எதிரே வந்தால் பாதையை மாற்றிக்கொண்டார். அவள் சிரித்தால் தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றியது.

ஒரு நாள் அவரே அவளிடம் போனார்.

“மேற்குக் காற்று என் பாத்தியில் புழுதியைக் கொட்டுகிறது. அரண்மனையை ஒட்டி நடுவே மூங்கில் வைக்கலாமா?”

“இதைக் கேட்கவா வேண்டும், அண்ணா? தண்ணீர் ஊற்ற என் ஆட்களையும் அனுப்புகிறேன்” என்றாள்.

அப்படியே அனுப்பினாள். மூன்றே வருடத்தில் மூங்கில் சுவர்போல எழுந்து நின்றது. மாடியிலிருந்து குளத்தின் ஒரு துளிகூடத் தெரியவில்லை. வெகுநாள் கழித்து அன்று சேந்தனார் வயிறாரச் சாப்பிட்டார்.

குளம் எங்கே போயிற்று என்று அரசி தேடினாள். தெரியாமல் போகவே கீழே இறங்கி நடந்தாள். மூங்கில் நிழலில் ஒற்றையடிப் பாதை. இருட்டும் குளிர்ச்சியும் சலசலப்பும். வேர் இறங்க முடியாத பாறை ஒன்று வந்த இடத்தில் மூங்கில் நின்றுவிட, பாதை திரும்பியது. சட்டென்று எதிரே குளம், வானம், அரண்மனை. அரசி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் தினமும் வந்தாள்.

“மாடியிலிருந்து பார்த்தபோது இது இவ்வளவு அழகாக இல்லையே. இந்த மூங்கில் யாருடைய யோசனை?” என்று நாச்சியிடம் கேட்டாள்.

“சேந்தன் அண்ணன் வைத்தது” என்றாள் நாச்சி.

சபை நடுவில் சேந்தனாருக்குப் பட்டு போர்த்தினார்கள். நாச்சிதான் எல்லோரையும்விடச் சந்தோஷமாக இருந்தாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நேரே குருவிடம் போனார்.

குழைக்காதர் நாற்றங்காலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஐயா, புழுதிக்காக நான் அதை வைக்கவில்லை.”

“தெரியும்.”

“அவள் குளத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று வைத்தேன்.”

“அதுவும் தெரியும்.”

“பிறகு ஏன் தடுக்கவில்லை?”

குரு இன்னொரு களையைப் பிடுங்கினார்.

“எல்லாவற்றையும் வெட்டிவிடட்டுமா?”

“மூங்கில் என்ன தப்பு செய்தது?”

சேந்தனார் தரையிலேயே உட்கார்ந்தார். “பத்து வருடம் என் பக்கத்தில் உயிரைக் கொடுத்து உழைத்தேன். ஒருவரும் நின்று பார்க்கவில்லை. வயிற்றெரிச்சலில் செய்த ஒன்றுக்குப் பட்டு போர்த்துகிறார்கள். இது என்ன நியாயம், ஐயா?”

குரு கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“எங்கே நட்டால் குளம் முழுக்க மறையும் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்?”

“ஒரு மாதம் பார்த்தேன். மாடியில் ஒவ்வொரு சன்னலிலும் நின்று. காலை, மதியம், சாயங்காலம். வெயில் எங்கே விழுகிறது, காற்றில் நிழல் எப்படி அசைகிறது, வருகிறவர்கள் கண் முதலில் எங்கே போகிறது என்று எல்லாம் பார்த்தேன்.”

“உமது பாதியை எந்தச் சன்னலில் நின்று பார்த்தீர்?”

சேந்தனார் பட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தார். அரண்மனை மாடியில் கிழக்குச் சன்னலைத் தேடிப் போனார்.