முள்ளின் காது

"சாமி, என் பேச்சு அவகிட்ட போய்ச் சேரவே மாட்டேங்குது" என்றாள் கண்ணியம்மாள்.

ஆசிரமத்துச் சாமி ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து தூண்டில் முள்ளில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எவ்வளவு ஆழத்துல இருக்கா?"

"ஆழமா? கடைசி அறையிலதான் சாமி. சுவத்தப் பார்த்துப் படுத்துக் கிடக்கா."

"அதைத்தான் கேட்டேன்."

கண்ணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த மலை ஆசிரமத்தில் அவள்தான் சமையல். சாமிக்கு அவளுடைய மூத்த மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவளுக்கு அவர் சாமி, அவருக்கு அவள் அம்மா.

மகள் பவளத்துக்குப் பிள்ளை பிறந்தது. பேர் வைக்கும் நாள் வருவதற்குள் போய்விட்டது. மருமகன் வேலைக்குத் திரும்பியதும், கண்ணியம்மாள் அவளைக் கூடவே அழைத்து வந்துவிட்டாள். வந்ததிலிருந்து பவளம் வாய் திறக்கவில்லை. கஞ்சியை நீட்டினால் ஒரு வாய், அதுவும் அம்மாவுக்காக. உடம்பு நாளுக்கு நாள் உருகிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் இவளும் கைவிட்டுப் போய்விடுவாளோ என்று தாய் பயந்தாள். கடவுள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாலும் வேண்டுதலுக்குப் பதில் அழுகைதான் வந்தது.

"என்ன சொல்லிப் பார்த்தீங்க?" என்று சாமி கேட்டார்.

"விடு கண்ணு, சின்ன வயசுதானே, இன்னொண்ணு பெத்துக்கலாம்னேன். காதுல விழுந்த மாதிரியே தெரியல."

"அப்புறம்?"

"அப்புறம் அழுதேன். நீ இப்படியே கிடந்தா நான் செத்துருவேன்டின்னு அவ காலைப் பிடிச்சேன். கம்பளிய இழுத்துத் தலையோட மூடிக்கிட்டா."

சாமி ஒரு வெறும் முள்ளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னிக்குக் குளிரு. மீனெல்லாம் அடியில படுத்திருக்கும். அதுகிட்ட போற மாதிரி ஒரு ஈ கட்டிக் குடுங்க."

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க சாமி!"

"மீன் கிடைச்சா உங்க மகளுக்கு."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஈ என்றால் பறக்கிற ஈ இல்லை. முள்ளின்மேல் கம்பளி நூலும் சேவல் இறகும் வைத்துக் கட்டுவது. தண்ணீருக்குள் பார்த்தால் பூச்சி மாதிரியே இருக்கும். புழுவைக் குத்திக் கோக்க சாமிக்கு மனசு வராது, அதனால் ஈ. கிடைக்கிற மீனை அவர் தொட்டுச் சாப்பிடுவதில்லை. கீழே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் காய்ச்சலில் கிடப்பவர்களுக்குக் கொடுத்தனுப்புவார்.

பால் கொண்டுவருகிற சுடலைமுத்து சும்மா இருக்க மாட்டான். "புழுவக் குத்த மனசு வராதாம், மீனக் குத்த மட்டும் வருமோ?" என்பான்.

"அதுக்குத்தாம்ப்பா தினமும் இவ்வளவு நேரம் கண்ண மூடி உக்கார்றேன்" என்பார் சாமி.

கண்ணியம்மாளுக்குப் பூக்கட்டுகிற கை. கம்பளி நூலைச் சுற்றி, இறகை வைத்து, மல்லிகைக்குப் போடுகிற முடிச்சையே போட்டாள். பார்க்க அழகாக இருந்தது.

சாமி வாங்கிக் கோலின் நூலில் கட்டி ஓடையில் வீசினார்.

ஈ தண்ணீரின் மேலேயே மிதந்தது. பூ மாதிரிச் சுழன்று சுழன்று ஓட்டத்தோடு போய்விட்டது.

"மீன் பார்த்துச்சா?" என்றார் சாமி.

"எங்க பார்த்துச்சு? அது பாட்டுக்கு மேலாலே போயிருச்சு."

சாமி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் தள்ளினார். உள்ளே கம்பிச் சுருள்கள். தடித்த ஈயக் கம்பி, நடுத்தர ஈயக் கம்பி, எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செப்புக் கம்பி, தலைமுடி மாதிரி இன்னொன்று.

"கம்பளிக்கு அடியில இதைச் சுத்தணும். அப்பத்தான் முழுகும்."

"எதைச் சுத்த?"

"உங்களுக்கு எது தோணுதோ."

கண்ணியம்மாள் யோசிக்கவே இல்லை. இருப்பதிலேயே தடித்த ஈயத்தை எடுத்தாள். கனமாக இருந்தால்தானே போய்ச் சேரும்? முள்ளின் வளைவிலிருந்து தலை வரை இடைவெளி விடாமல் சுற்றினாள். சுற்றி முடித்து, வாழைநாரைக் கடிக்கிற பழக்கத்தில் கம்பியைப் பல்லுக்குக் கொண்டு போனாள்.

"ஐயோ அம்மா! துப்புங்க!"

சாமி கத்தி அவள் கேட்டதே இல்லை. பயந்துபோய்த் துப்பினாள். ஓடைத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தாள்.

"ஈயம்மா அது. ஈக்குத்தான் ஆகும், நமக்கு ஆகாது."

"பூக்கட்டுற புத்தி சாமி. வாய் தானாப் போயிருச்சு."

சாமி முள்ளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார்.

"நூல் கோக்குற காதையும் சேர்த்து அடைச்சிட்டீங்களே. எது வழியா நூல் போகும்?"

நகத்தால் ஈயத்தைக் கொஞ்சம் தள்ளி, எப்படியோ நூலைக் கோத்து வீசினார்.

தொப்பென்று விழுந்தது. கல் விழுந்த மாதிரி. அடியில் இருந்த நிழல்களெல்லாம் நாலா பக்கமும் சிதறி ஓடின. ஈ நேராகப் போய்ப் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது.

சாமி கோலை வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீரில் இறங்கினார். இடுப்பு வரை, பிறகு நெஞ்சு வரை. உதடு நீலம் பாரித்தது.

"விட்டுத் தொலைங்க சாமி! ஒரு முள்ளுதானே!"

"அடியில மாட்டிக்கிட்டு இருக்கும்மா" என்றார் சாமி. "எப்படி விட்டுட்டு வர்றது?"

முங்கி எடுத்துக்கொண்டு வந்தார். நடுங்கிக்கொண்டே அவள் கையில் கொடுத்தார்.

கண்ணியம்மாளுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஈயத்தைப் பிரித்தெறிந்துவிட்டுத் தலைமுடிக் கம்பியைச் சுற்றினாள். அது பாதித் தண்ணீர்கூட இறங்கவில்லை. அதற்குள் ஓட்டம் இழுத்துக்கொண்டு போனது.

"எது சரின்னு நீங்களே சொல்லித் தொலைக்கக் கூடாதா சாமி? அங்க என் பொண்ணு கிடக்கிற கிடையில, நான் இங்க கம்பி பொறுக்கிட்டு இருக்கேன்!"

"கம்பிய என்கிட்டக் கேக்குறீங்க" என்றார் சாமி. "முள்ளுகிட்டக் கேட்டீங்களா?"

அவள் முள்ளைப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் அதைக் கையில் வைத்திருந்தாள், ஆனால் பார்க்கவில்லை.

கண்ணை மூடினாள். பூக்காம்பின் பருமனைப் பார்ப்பதுபோல, முள்ளின் தண்டை விரல்களுக்கு நடுவில் உருட்டினாள். பிறகு ஒவ்வொரு கம்பியாக உருட்டினாள். நடுத்தர ஈயம் வந்தபோது விரல் நின்றது. முள் எது, கம்பி எது என்று விரலுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே தடிமன்.

நடுத்தண்டில் மட்டும் சில சுற்றுச் சுற்றினாள். காதுப் பக்கம் இடம் விட்டாள். அறுப்பதற்குக் கத்திரிக்கோலைக் கேட்டு வாங்கினாள். மேலே கம்பளியைச் சுற்றினாள். உள்ளே ஈயம் இருப்பதே வெளியே தெரியவில்லை.

"நீங்களே போடுங்க" என்று சாமி கோலை அவளிடம் நீட்டினார்.

போட்டாள். சத்தமே இல்லை. ஈ ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே இறங்கியது. அவசரப்படாமல் இறங்கியது. அடிக்கூழாங்கற்களின் மேலே, நடக்கிற மாதிரிப் போனது.

அவள் கை கோலை இழுக்கப் பரபரத்தது.

"இழுக்கக் கூடாது."

"இழுக்காம என்ன பண்றது?"

"கூடவே போங்க."

கோல் நுனியை ஓட்டத்தோடு மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். கரையில் ஒரு எட்டு, இன்னொரு எட்டு. பாறை நிழலில் ஏதோ ஒன்று அசைந்து, ஈயின் பக்கம் முகத்தைத் திருப்பியது.

கண்ணியம்மாள் நின்றுவிட்டாள்.

கோலைச் சாமி கையில் கொடுத்தாள்.

"மீன் வருதும்மா!"

"நீங்க பாருங்க சாமி" என்று சொல்லிவிட்டு மேடேறிப் போனாள்.

கடைசி அறை இருட்டாக இருந்தது. பவளம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண்ணியம்மாள் ஜன்னலைத் திறக்கவில்லை. தட்டை எடுத்து வைத்து நச்சரிக்கவும் இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

பேர் வைக்காத பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவர்கள் ஊர் வழக்கம். பேசினால் பின்னால் பிறப்பதற்கு ஆகாது என்பார்கள். அந்த வழக்கத்தை வீட்டில் எல்லோரையும் கடைப்பிடிக்க வைத்தவளே அவள்தான். குழந்தை கையில் கிடந்த வசம்பு வளையலைக்கூடப் பவளத்துக்குத் தெரியாமல் கழற்றித் தன் சுருக்குப்பைக்குள் போட்டு வைத்திருந்தாள்.

சுருக்குப்பையை அவிழ்த்தாள். வளையலை மகளின் தலையணை ஓரத்தில் வைத்தாள். வசம்பு வாசம் மெல்ல எழுந்தது.

"பாப்பாவுக்கு என்ன பேரு வைக்கணும்னு நினைச்சிருந்தே?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். இன்னும் பத்து வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

கம்பளி அசையவில்லை.

வெளியே ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணியம்மாள் மனசால் அதோடு கூடவே போனாள்.

ஒரு கை கம்பளிக்குள்ளிருந்து வந்தது. வளையலைத் தடவிப் பார்த்தது.

"நிறைமதி" என்றாள் பவளம். பேசிப் பழக்கம் விட்ட குரல்.

"நிறைமதி" என்று கண்ணியம்மாள் ஒருமுறை சொன்னாள்.

பவளம் திரும்பினாள். முகம் கோணியது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, இடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது வராத அழுகை, இப்போது வந்தது. தாய் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று கண்ணியம்மாள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மடி நனைந்த பிறகு குரல் வந்தது.

"மூக்கு மட்டும் உன்னை மாதிரிம்மா. சப்பை."

"ஏன்டி, என் மூக்கா சப்பை?"

"பின்ன?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். கண்ணியம்மாள் முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். அப்பனே, என்று உள்ளுக்குள் கும்பிட்டாள். இத்தனை நாளில் முதல்முறையாக, அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

வாசலில் ஈரக்கால் சத்தம். சாமி நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் மீன் இல்லை.

"முகர்ந்து பார்த்துட்டுப் போயிருச்சும்மா" என்றார்.

"மீன் வேணாம்" என்றாள் பவளம், மடியிலிருந்தே. "கஞ்சி இருந்தா போதும்."

சாமி அவளைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். அடுப்படிப் பக்கம் போனார். அங்கே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தலையை மட்டும் நீட்டினார்.

"அம்மா, கஞ்சி கெட்டியாவா, தண்ணியாவா?"

கண்ணியம்மாள் மகளின் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்:

"என்கிட்டக் கேக்குறீங்க சாமி. அவகிட்டக் கேட்டீங்களா?"