டவுசர் பையில் துப்பாக்கி

ரைஸ்மில் முதலாளி ஏகாம்பரம் லைசென்ஸ் வாங்கி, கைத்துப்பாக்கியை இடுப்பு பெல்ட்டில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார். எப்போது யார் மேல் வெடித்துத் தொலையுமோ என்று ஊரே அவரைக் கண்டால் ஒதுங்கி நடந்தது.

"வெளியே தெரிஞ்சா எவனாவது பிடுங்கிடுவான்" என்றாள் மனைவி.

"மறைச்சு வச்சா எவன் பயப்படுவான்?" என்றவர், எதற்கும் மாட்டிக்கொள்ளும் சமையல்காரன் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டார். "துப்பாக்கி யார் கண்ணிலும் படக்கூடாது. ஆனா நான் எடுக்கப் போனாலே எல்லாரும் ஓடணும். வழி சொல்லு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

மாடக்கண்ணு தலையைச் சொறிந்தான். "வேட்டிக்குள்ள போட்டிருக்கிற பட்டாபட்டி டவுசர்ல பை இருக்குல்ல முதலாளி, அதுல வச்சுக்குங்க."

அன்று சாயங்காலமே சந்தையில் ஒருவன் முதலாளியிடம் வம்புக்கு வந்தான். அவர் துப்பாக்கியை எடுக்க வேட்டியைத் தொடைக்கு மேலே தூக்கினார். பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். கடைக்காரர்கள் ஓடினார்கள். வம்புக்கு வந்தவனும் ஓடினான்.

முதலாளி கொதித்துப்போய் வீடு திரும்பினார். "மானத்தை வாங்கிட்டியேடா."

"துப்பாக்கியை யாராவது பார்த்தாங்களா முதலாளி?"

"இல்லை."

"எல்லாரும் ஓடினாங்களா?"

"ஓடினாங்க."

"அப்போ நாளைக்குக் காலையில இட்லியா, தோசையா?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவி சொன்னாள், "இட்லி."